பதினொரு வயசுல ஒரு பரீட்சை: டெர்ரி நகரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றின் கதை

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிப்பு வசதிக்காகச் சில இடங்களில் சுருக்கியிருக்கிறோம்.)

இன்னைக்கு நாம போகப்போற இடம் வட அயர்லாந்துல இருக்கற டெர்ரி. 'டெர்ரி கேர்ள்ஸ்' சீரிஸ் பார்த்தவங்களுக்கு இந்த ஊர் புதுசு இல்ல. கான்வென்ட் ஸ்கூல் யூனிஃபார்ம்ல ஒரு பொண்ணுங்க கூட்டம், அவங்க போற பஸ்ஸை நிறுத்தி சோதனை போடற ராணுவம், நடுவுல ஓயாத காமெடி. அந்தக் கதையில வர்றது பெண்கள் பள்ளி. நான் இன்னைக்குப் பேசப்போறது அதே ஊர்ல இருக்கற ஆண்கள் பள்ளியைப் பத்தி.

பேரு செயின்ட் காலம்ஸ் காலேஜ். 'காலேஜ்'னு பேர் இருந்தாலும், 11 வயசுலேர்ந்து 18 வயசு வரைக்கும் பசங்க படிக்கற கத்தோலிக்க மேல்நிலைப் பள்ளிதான் அது. இந்த ஒரே பள்ளியில படிச்ச ரெண்டு பேருக்கு நோபல் பரிசு கிடைச்சிருக்கு. 1995ல இலக்கியத்துக்கு, கவிஞர் ஷேமஸ் ஹீனி. 1998ல அமைதிக்கு, அரசியல்வாதி ஜான் ஹியூம். ரெண்டு பேரும் 1950களோட தொடக்கத்துல ஒரே கட்டடத்துல நடமாடினவங்க.

இதைக் கேட்டவுடனே, "ஓ, அவ்ளோ பிரமாதமான ஸ்கூல் போல"ன்னு தோணும். எனக்கும் அதுதான் முதல்ல தோணுச்சு. ஆனா ஒரு விஷயம் கவனிங்க. இந்தப் பள்ளி ஆரம்பிச்சது 1879ல. மறைமாவட்டம் நடத்தின பள்ளி. குருத்துவப் படிப்புக்குப் பையன்களைத் தயார் பண்றது அதோட முக்கியமான வேலைகள்ல ஒன்னு. ஏழை வீட்டுப் பையன்கள் பெரிய அளவுல உள்ள வந்தது அதுக்குக் கிட்டத்தட்ட எழுபது வருஷம் கழிச்சுத்தான். அதுக்குக் காரணம் பள்ளிக்கு வெளியில இருந்து வந்த ஒரு சட்டம். அந்தச் சட்டத்தோட கூடவே ஒரு பரீட்சையும் வந்துச்சு. அந்தப் பரீட்சை ஊரை என்ன பண்ணுச்சுங்கறதுதான் இந்த எபிசோட்.

மதிலும் போக்சைடும்

முதல்ல ஊரைப் புரிஞ்சுக்கணும். இந்த ஊருக்கு ரெண்டு பேர். அயர்லாந்து தேசியவாதிகள், பெரும்பாலும் கத்தோலிக்கர்கள், 'டெர்ரி'ன்னு சொல்வாங்க. பிரிட்டனோடயே இருக்கணும்னு நினைக்கற யூனியனிஸ்டுகள், பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்டுகள், 'லண்டன்டெர்ரி'ன்னு சொல்வாங்க. நீங்க ஊர் பேரைச் சொன்னாலே நீங்க எந்தப் பக்கம்னு ஒருத்தர் கணக்குப் போட்டுருவார்.

நடுவுல ஒரு குன்று. அதைச் சுத்தி 17ஆம் நூற்றாண்டுல குடியேறினவங்களுக்காகக் கட்டின கோட்டை மதில், இன்னைக்கும் முழுசா நிக்குது. மதிலுக்குக் கீழ, ஒரு காலத்துல சதுப்பு நிலமா இருந்த இடத்துல போக்சைட். நெருக்கமான வீடுகள், கத்தோலிக்கத் தொழிலாளர் குடும்பங்கள். செயின்ட் காலம்ஸ் பள்ளி மதிலுக்கு வெளிய பிஷப் தெருவுல, அதே குன்று மேல, போக்சைடைக் கீழ பார்த்த மாதிரி இருந்துச்சு. அதாவது, கீழ குடியிருக்கற பையனுக்கு அண்ணாந்து பார்த்தா தெரியற பள்ளிக்கூடம்.

இந்த ஊரோட தொழில் சட்டை தைக்கறது. சட்டை ஃபேக்டரிகள்ல வேலை பார்த்தவங்கள்ல பெரும்பாலானவங்க பெண்கள். ஆண்களுக்கு நிரந்தர வேலை கிடைக்கறது கஷ்டம். அம்மா சம்பாதிச்சு, அப்பா வேலை தேடிக்கிட்டு இருக்கற வீடுகள் சர்வசாதாரணம்.

அடுத்தது ஓட்டு. இது நம்பறதுக்கே கஷ்டமா இருக்கும். உள்ளாட்சித் தேர்தல்ல வயசு வந்த எல்லாருக்கும் ஓட்டு கிடையாது. வீட்டுக்கு வரி கட்டற குடும்பத் தலைவருக்கும் அவரோட துணைக்கும்தான் ஓட்டு. அப்பா அம்மாவோட ஒரே வீட்டுல இருக்கற 25 வயசுப் பையனுக்கு ஓட்டு இல்ல. ஒரு ரூம்ல வாடகைக்கு ஒண்டிக்கிட்டு இருக்கற குடும்பத்துக்கும் இல்ல. அப்போ வீடு இருந்தாத்தான் ஓட்டு. வீடு ஒதுக்கறது யார்? நகராட்சி. நகராட்சியில யார் இருக்காங்க? யூனியனிஸ்டுகள்.

ஊர்ல பெரும்பான்மை கத்தோலிக்கர்கள். ஆனா வார்டு எல்லைகளை வரைஞ்ச விதத்துல, 20 இடத்துல 12 எப்பவும் யூனியனிஸ்டுகளுக்கே போச்சு. கத்தோலிக்கர்கள்ல பெரும்பாலானவங்களை ஒரே வார்டுல அடைச்சுட்டாங்க. அங்க அவங்களுக்கு எவ்வளவு ஓட்டு விழுந்தாலும் 8 இடம்தான். பின்னாடி அரசே அமைச்ச கேமரன் ஆணையம் 1969ல கொடுத்த அறிக்கையில இதைப் பதிவு பண்ணியிருக்கு: வயசு வந்தவங்கள்ல 60 சதவீதம் கத்தோலிக்கர்கள், நகராட்சி இடங்கள்ல 60 சதவீதம் யூனியனிஸ்டுகள் கையில.

கத்தோலிக்கர்களுக்கு நகராட்சி புது வீடு கட்டிக் கொடுத்தா, அதையும் அந்த ஒரே வார்டுக்குள்ளதான் கட்டணும். இல்லன்னா வார்டு கணக்கு மாறிடும். இரண்டாம் உலகப்போர்ல அமெரிக்கக் கடற்படை விட்டுட்டுப் போன தகரக் கொட்டகைகள் ஸ்பிரிங்டவுன் கேம்ப்னு ஒரு இடத்துல இருந்துச்சு. வீடு இல்லாத குடும்பங்கள் 1946ல அதுக்குள்ள குடி போனாங்க. கடைசிக் குடும்பம் வெளிய வந்தது 1967ல. இருபத்தோரு வருஷம்.

கதவு திறந்தது

இப்போ 1947க்கு வருவோம். போர் முடிஞ்சு பிரிட்டன்ல மக்கள் நல அரசு உருவாகற நேரம். இங்கிலாந்துல 1944ல வந்த கல்விச் சட்டத்தை ஒட்டி, வட அயர்லாந்துலயும் 1947ல ஒரு கல்விச் சட்டம் வந்துச்சு. அதோட சாரம்: எல்லாப் பிள்ளைக்கும் மேல்நிலைக் கல்வி. பதினொரு வயசுல ஒரு பரீட்சை, பேரு 'லெவன் ப்ளஸ்'. அதுல தேறினா கிராமர் ஸ்கூல், கட்டணம் அரசு பார்த்துக்கும். அங்கேர்ந்து பல்கலைக்கழகம் வரைக்கும் போக வழி இருந்துச்சு. தேறலைன்னா வேற வகைப் பள்ளி, பெரும்பாலும் 15 வயசுல படிப்பு முடிஞ்சு வேலைக்கு.

இதுல கவனிக்க வேண்டிய விஷயம், இதைக் கொண்டு வந்தது ஒரு யூனியனிஸ்ட் அரசு. கல்வி அமைச்சர் ஹால் தாம்சன். கத்தோலிக்கத் திருச்சபை நடத்தற பள்ளிகளுக்குக் கட்டடச் செலவுல அதுவரைக்கும் 50 சதவீதம்தான் மானியம். இந்தச் சட்டம் அதை 65 ஆக்குச்சு. மிச்சம் 35 சதவீதத்தைத் திருச்சபையும் பங்கு மக்களும் திரட்டணும். அமைச்சரோட சொந்தக் கட்சிக்காரங்களுக்கே இது பிடிக்கல. கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு ரொம்ப அள்ளிக் கொடுக்கறார்னு கோபம். அந்தப் பள்ளிகளோட ஆசிரியர்களுக்கு இன்ஷூரன்ஸ் பங்கை அரசு கட்டலாமாங்கற சண்டையில, 1949ல அவர் பதவியை விட வேண்டி வந்துச்சு.

ஆனா சட்டம் நின்னுடுச்சு. அதோட முதல் பலனை அனுபவிச்சவங்கள்ல ஒருத்தர் ஜான் ஹியூம். 1937ல பிறந்தவர், வேலையில்லாத அப்பாவோட மூத்த பையன். பரீட்சையில தேறி செயின்ட் காலம்ஸுக்குள்ள போனார். காசு கட்டணும்னு இருந்திருந்தா அந்த வாசலை அவர் மிதிச்சிருக்கவே முடியாது.

உள்ளே என்ன இருந்தது

பள்ளியில ரெண்டு வகைப் பசங்க. ஊருக்குள்ள இருந்து நடந்து வர்ற டே ஸ்காலர்கள். கிராமங்கள்ல இருந்து வந்து விடுதியில தங்கற பசங்க. ஷேமஸ் ஹீனி ரெண்டாவது வகை. விவசாயக் குடும்பம், ஒன்பது பிள்ளைகள்ல மூத்தவர். 1951ல, 12 வயசுல, உதவித்தொகையோட வந்து விடுதியில சேர்ந்தார். 1953ல அவரோட நாலு வயசுத் தம்பி சாலை விபத்துல இறந்துபோனப்போ அவர் இந்தப் பள்ளியிலதான் இருந்தார். 'மிட் டெர்ம் பிரேக்'ங்கற அவரோட புகழ்பெற்ற கவிதை அந்த நாளைப் பத்தினது.

ஹீனியோட வகுப்புத் தோழர் ஷேமஸ் டீன். இவர் போக்சைட் பையன். பின்னாடி பெரிய இலக்கிய விமர்சகர். 1996ல வந்த 'ரீடிங் இன் தி டார்க்' நாவல் புக்கர் இறுதிப் பட்டியலுக்குப் போச்சு. கிராமத்து விடுதிப் பையனும் போக்சைட் பையனும் ஒரே வகுப்புல உக்காந்து, ஒருத்தர் எழுதறதை இன்னொருத்தர் படிச்சு வளர்ந்தாங்க. இது அந்தப் பரீட்சை இல்லாம நடந்திருக்காது.

ஆனா இதை ஒரு இனிமையான கதையா மட்டும் சொல்லிட்டா அது பொய். பாதிரியார்கள் பாடம் நடத்தின அந்தப் பள்ளி கடுமையான இடம். லத்தீன் உண்டு, ஐரிஷ் மொழி உண்டு, தோல் பட்டை அடியும் உண்டு. 'தி பாய்ஸ் ஆஃப் செயின்ட் காலம்ஸ்'னு ஒரு ஆவணப்படம் இருக்கு. அதுல பழைய மாணவர்கள் நன்றியையும் பேசறாங்க, அடியையும் பேசறாங்க. போக்சைட் பையன்னு தெரிஞ்சதும் கிடைச்ச ஏளனத்தைப் பத்தி ஏமன் மக்கேன் பின்னாடி எழுதியிருக்கார். வெளிய யூனியனிஸ்ட் நகராட்சி உன்னைக் கீழ வெச்சுது. உள்ள சொந்த மதத்துக்காரங்களே நீ எந்தத் தெருன்னு பார்த்தாங்க. ரெண்டும் நடந்துச்சு.

இன்னொன்னும் சொல்லணும். அங்க ஏழு வருஷம் படிச்ச ஒரு பையனுக்கு ஒரு புராட்டஸ்டன்ட் வகுப்புத் தோழன்கூட இருந்திருக்க மாட்டான். புராட்டஸ்டன்ட் பையன்களுக்கு அதே ஊர்ல ஃபாய்ல் காலேஜ். ஒரே ஊர், ஒரே பரீட்சை, ரெண்டு வாசல்.

படிச்சவங்க திரும்பி வந்தாங்க

படிச்சு முடிச்ச ஹியூம், குருவாகறதுக்காக மேனூத் குருமடத்துக்குப் போய், குருவாகாம திரும்பி வந்தார். ஆசிரியர் ஆனார், கொஞ்ச காலம் தான் படிச்ச அதே பள்ளியிலயும் பாடம் எடுத்தார். 1960ல நண்பர்களோட சேர்ந்து டெர்ரியில கிரெடிட் யூனியன் ஆரம்பிச்சார். எளிமையாச் சொன்னா, வங்கி கடன் கொடுக்காத மக்கள் தங்களோட சின்னச் சின்னச் சேமிப்பைச் சேர்த்துப் போட்டு, தங்களுக்குள்ளயே குறைஞ்ச வட்டிக்குக் கடன் கொடுத்துக்கற கூட்டுறவு. கந்துவட்டிக்காரங்ககிட்டயும் அடகுக் கடையிலயும் சிக்கின ஊருக்கு இது பெரிய மூச்சு.

1965ல அடுத்த அடி. வட அயர்லாந்துக்கு ரெண்டாவது பல்கலைக்கழகம் வரப்போகுது. டெர்ரியில ஏற்கெனவே 1865லேர்ந்து மகீ கல்லூரி இருக்கு, அந்தப் பகுதியோட பெரிய ஊரும் டெர்ரிதான். ஆனா லாக்வுட் குழு கோல்ரெயின்ங்கற சின்ன ஊரைப் பரிந்துரை பண்ணுச்சு. அங்க பெரும்பான்மை புராட்டஸ்டன்ட்டுகள். ஹியூம் தலைமையில ஒரு குழு, பிப்ரவரி 18ஆம் தேதி பெல்ஃபாஸ்ட் வரைக்கும் வண்டி ஊர்வலம் போனாங்க. டெர்ரியோட யூனியனிஸ்ட் மேயரும் கூட வந்தார். பலன் இல்ல. 1968ல பல்கலைக்கழகம் கோல்ரெயின்லதான் திறந்துச்சு.

இந்தத் தோல்வி ஏன் அவ்ளோ கசந்துச்சு? ஏன்னா படிச்ச முதல் தலைமுறை அப்போ வந்துடுச்சு. பசங்க பட்டதாரி ஆகறதை ஊர் பார்த்துடுச்சு. "படிச்சா முன்னேறலாம்"னு சொன்ன அதே அரசு, படிப்பை ஊருக்குள்ள விடமாட்டேங்குதுன்னு புரிஞ்சுது.

அப்புறம் 1968. பரீட்சையில தேறி செயின்ட் காலம்ஸ் போய், அங்கேர்ந்து குவீன்ஸ் பல்கலைக்கழகம் போன ஏமன் மக்கேன், ஊர் திரும்பி வீட்டுவசதிப் போராட்டத்துல இறங்கினார். ஒரு குடும்பம் குடியிருந்த கேரவன் வண்டியையே நடுரோட்டுக்கு இழுத்து வந்து போக்குவரத்தை நிறுத்தினாங்க. அக்டோபர் 5, டியூக் தெருவுல குடியுரிமை ஊர்வலம். அரசு தடை போட்டும் நடந்துச்சு. போலீஸ் தடியடி. ஐரிஷ் தொலைக்காட்சியோட கேமரா அதைப் படம் பிடிச்சதால உலகமே பார்த்துச்சு. வட அயர்லாந்தோட 30 வருஷ மோதல் அந்த நாள்லதான் ஆரம்பிச்சுதுன்னு நிறையப் பேர் சொல்வாங்க.

1972 ஜனவரி 30. போக்சைட்ல நடந்த ஊர்வலத்துல பிரிட்டிஷ் ராணுவம் சுட்டதுல அன்னைக்கே 13 பேர் இறந்தாங்க, இன்னொருத்தர் பின்னாடி. உயிருக்குப் போராடின ஒரு 17 வயசுப் பையனைத் தூக்கிட்டுப் போறவங்களுக்கு முன்னால, ரத்தம் படிஞ்ச வெள்ளைக் கைக்குட்டையை ஆட்டிக்கிட்டே போற ஒரு பாதிரியாரோட படம் நீங்க பார்த்திருக்கலாம். எட்வர்ட் டேலி. அவரும் செயின்ட் காலம்ஸ் விடுதியில படிச்சவர்.

தேறாத பையன்

இதுவரைக்கும் நான் சொன்ன பேர் எல்லாம் அந்த வாசலுக்குள்ள போனவங்க. இனிமேல்தான் எனக்கு முக்கியமான இடம்.

லெவன் ப்ளஸ் எழுதின பிள்ளைகள்ல பெரும்பாலானவங்க தேறல. அந்தச் சட்டம் அப்படித்தான் வடிவமைக்கப்பட்டது. சிலருக்குத்தான் கிராமர் ஸ்கூல். ஒரே தெரு, ஒரே பங்குக் கோயில், ஒண்ணா பந்து விளையாடற ரெண்டு பையன்கள். ஒரு தபால் வருது. ஒருத்தன் புது யூனிஃபார்ம் போட்டு மேட்டுல ஏறறான். இன்னொருத்தனுக்கு 11 வயசுலயே "நீ படிப்புக்கு ஆகமாட்ட"ன்னு எழுத்துல வந்துடுது.

1950ல போக்சைட்ல பிறந்த ஒரு பையன் அப்படித் தேறாம போனான். கிறிஸ்டியன் பிரதர்ஸ் நடத்தின தொழிற்பள்ளிக்குப் போனான். 15 வயசுல படிப்பு முடிஞ்சு, கறிக்கடையில வேலை. பேரு மார்ட்டின் மக்கின்னஸ். 21 வயசுல ஐ.ஆர்.ஏ.வோட டெர்ரி பிரிவுக்கு இரண்டாவது தளபதி.

இங்க ஒரு நிமிஷம். பரீட்சையில ஃபெயில் ஆனதாலதான் அவர் துப்பாக்கி எடுத்தார்னு நான் சொல்லல. அது மலிவான விளக்கம். தேறாத ஆயிரக்கணக்கான பசங்க எந்த ஆயுதத்தையும் தொடல. ஆனா ஊருக்காகப் பேச ஹியூமுக்கு மேடை இருந்துச்சு, பட்டம் இருந்துச்சு, பத்திரிகையில கட்டுரை எழுத இடம் இருந்துச்சு. கறிக்கடையில நின்ன பையனுக்கு அது எதுவும் இல்ல. அந்த வித்தியாசம் உண்மை.

ஹியூம் கடைசி வரைக்கும் வன்முறையை எதிர்த்தார். மக்கின்னஸோட இயக்கம் பல உயிர்களை எடுத்துச்சு. அதை எந்தச் சமூகக் காரணமும் கழுவிடாது. ரெண்டு பேரோட பாதையும் 1998 புனித வெள்ளி ஒப்பந்தத்துலதான் சந்திச்சுது. அடுத்த வருஷம் புது அரசு அமைஞ்சப்போ மக்கின்னஸுக்குக் கிடைச்ச இலாகா என்ன தெரியுமா? கல்வி. 2002ல அவர் அறிவிச்சார்: லெவன் ப்ளஸ் ஒழிக்கப்படும்.

பரீட்சை செத்ததா?

அரசு நடத்தின கடைசித் தேர்வு 2008ல முடிஞ்சுது. ஆனா கிராமர் ஸ்கூல்கள் பல, தாங்களே சொந்தமா நுழைவுத் தேர்வு நடத்த ஆரம்பிச்சாங்க. அதுலயும் ரெண்டு வகை. ஒன்னு பெரும்பாலும் கத்தோலிக்கப் பள்ளிகளுக்கு, இன்னொன்னு பெரும்பாலும் புராட்டஸ்டன்ட் பிள்ளைகள் போற பள்ளிகளுக்கு. 2023லதான் அது ஒரே பொதுத் தேர்வா ஆச்சு. இன்னைக்கும் அங்க 10, 11 வயசுப் பிள்ளைகள் நவம்பர் மாச சனிக்கிழமைகள்ல போய் எழுதறாங்க. டியூஷனுக்குக் காசு இருக்கற வீடு, இல்லாத வீடுங்கற பிரச்சினையும் கூடவே இருக்கு. பெரும்பாலான பிள்ளைகள் இன்னும் தங்களோட மதத்துக்காரங்க படிக்கற பள்ளிக்குத்தான் போறாங்க.

செயின்ட் காலம்ஸ் 1973ல பன்கிரானா சாலைக்கு இடம் மாறிடுச்சு. பிஷப் தெருவுல இருந்த பழைய வளாகத்துல இப்போ ஆண், பெண் ரெண்டு பேரும் படிக்கற லூமென் கிறிஸ்டி காலேஜ் நடக்குது. அதுவும் கத்தோலிக்க கிராமர் ஸ்கூல்தான்.

இந்தக் கதையிலேர்ந்து நான் எடுத்துக்கறது இதுதான். நோபல் பரிசுப் பட்டியலைக் காட்டி, "பார்த்தீங்களா, திறமை இருந்தா ஏழையும் மேல வரலாம்"னு சொல்றது ரொம்ப சுலபம். திறமை 1947க்கு முன்னாலயும் போக்சைட்ல இருந்துச்சு. அப்போ கட்டணம் தடுத்துச்சு. 1947க்கு அப்புறம் கட்டணம் போச்சு, பரீட்சை தடுத்துச்சு. தடை பாதி விலகினதுக்கே ஒரு ஊருக்கு இவ்வளவு கிடைச்சிருக்குன்னா, தேறாதவங்கன்னு ஒதுக்கின அந்த மீதிப் பேர்கிட்ட என்னெல்லாம் இருந்திருக்கும்? அதுக்கு எந்தப் பட்டியலும் இல்ல.

உங்க பள்ளிக்கூடத்துச் சுவருல மாட்டியிருக்கற சாதனையாளர் பலகையை அடுத்த தடவை பார்க்கும்போது, அதுல இல்லாத உங்க தெருப் பையன் ஒருத்தனையோ பொண்ணு ஒருத்தியையோ நினைச்சுப் பாருங்க. அவங்களைப் பத்தி எங்களுக்கு வாய்ஸ் நோட் அனுப்பினாலும் சந்தோஷம். அடுத்த எபிசோடுல சந்திப்போம்.